பாதியில் அறுந்த பேச்சு

பல்லேகலவில் உள்ள அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் போனது தையல் பயிற்சிக்குப் பெயர் பதிவதற்காக. நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் அவர் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதைச்சுக்கொண்டு இருக்கேக்க கட் பண்ணிப்போட்டான் பிள்ளை. கிழமைக்கு ஒருக்காத்தான் எடுக்கிறான். ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான். என்னோட கதைக்க விருப்பமில்லைப் போல” என்றார்.

மகன் பிரான்சில் இருக்கிறார். அம்மா வவுனியாவிலிருந்து வந்து மகளின் குடும்பத்தோடு இங்கே வசிக்கிறார். 2008இல் கொழும்பில் இருந்த தம்பியுடன் பேசிக்கொண்டிருந்தபோது அழைப்பு பாதியில் அறுந்தது. அதன் பின்னர் தம்பியைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு, ஓர் அழைப்பு அறுவது சின்ன விடயமல்ல.

முதலில் நானும் பிழையான ஆலோசனைதான் சொன்னேன். கூடிய டேட்டா உள்ள பக்கேஜுக்கு மாறச் சொன்னேன். மாதக் கட்டணம் கூடியது. பேச்சு அறுவது நிற்கவில்லை. தையல் கூலியில் வாழும் ஒரு குடும்பத்தின் பணம் என்னால் வீணானது. அதன் பின்னர்தான் விடயம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் படித்தேன்.

பிழை எங்கே?

வீட்டுக்கு வரும் இணைப்பு வேறு, வீட்டுக்குள் அதைப் பரப்பும் ரவுட்டர் வேறு. எதில் பிழை என்று அறிய எளிய வழி உண்டு. போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்து, உள் அறையில் மட்டும் அறுந்தால் பிழை வீட்டுக்குள்தான். பக்கத்திலும் அறுந்தால் வெளி இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், லைனில்தான் கோளாறு. நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

சில வேளை இரண்டிலுமே பிழை இருக்காது. 2018 மார்ச்சில் திகன பகுதியில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது, அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைச் சில நாட்கள் தடை செய்தது. அப்போது எந்த ரவுட்டரை மாற்றியும் பயனில்லை.

அந்த அம்மாவின் வீட்டில் ரவுட்டர் முன் அறையில், இரும்பு அலுமாரிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் இருந்தது. பேரப்பிள்ளைகள் முன் அறையில் படிப்பதால் அவர் சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருந்துதான் பேசுவார். இடையில் மூன்று தடித்த சுவர்கள். இரும்பும் சுவரும் அலையைத் தடுக்கும். ரவுட்டரை வீட்டின் நடு நடையில், உயரமான தட்டில் வைத்தோம். பாதிப் பிரச்சினை காசில்லாமலே தீர்ந்தது.

பழைய ரவுட்டரின் கதை

ஆனால் இரவு நேரத்தில் இன்னும் அறுந்தது. அந்த ரவுட்டர் பத்து வருடப் பழையது, 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் வேலை செய்தது. அயல்வீட்டு ரவுட்டர்களும் அதே அலைவரிசையில்தான் நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதைக் குழப்பும். ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் எல்லா வாகனமும் ஒரே நேரம் வந்தது போலத்தான்.

புதிய ரவுட்டர்களில் 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டாவது பாதையும் உண்டு. அது வேகமானது, நெரிசல் குறைந்தது. ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. ரவுட்டரை நடுவில் வைப்பது இதனாலும் முக்கியம்.

வாங்குவதற்கு முன்:

- உங்கள் நிறுவனம் பழைய ரவுட்டரை மாற்றித் தருமா என்று முதலில் கேளுங்கள்.
- கடையில் வாங்குவதானால் இரண்டு அலைவரிசையும் உள்ளதா, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி உள்ளதா, உத்தரவாத அட்டை தருகிறார்களா என்று பாருங்கள்.
- ஃபைபர் பெட்டியைக் கழற்றி எறிய வேண்டாம். பெரும்பாலும் புதிய ரவுட்டரை அதோடு வயரால் இணைத்தே பாவிக்க வேண்டும்.
- 2022இல் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டோம். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய பேட்டரி, கரண்ட் போனாலும் சில மணி நேரம் தாங்கும்.
- பெட்டியில் ஒட்டியுள்ள கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்ற பாதுகாப்பு முறை இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள்.

கடைசி விடயத்தை அழுத்திச் சொல்கிறேன். பல வீடுகளில் கடவுச்சொல் ஆண்களுக்கு மட்டுமே தெரியும். பெண் யாரோடு, எப்போது பேசலாம் என்பதையும் அதைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். கடவுச்சொல்லை உங்கள் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

மகள் சீட்டுக் காசில் புதிய ரவுட்டர் வாங்கினார். அடுத்த சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். பேச்சு ஒரு மணித்தியாலம் தாண்டியும் அறவில்லை. நடுவில் மகன் சொன்னது எனக்கும் கேட்டது.

“நீங்கள்தான் கோவத்தில கட் பண்ணுறியள் எண்டு நினைச்சிருந்தன் அம்மா.”

சகோதரிகளே, இழப்புகளைக் கண்ட நமக்கு, ஓசை நின்றால் உடனே மனம் கெட்டதையே நினைக்கும். அது நமது குற்றமல்ல. ஆனால் மனிதரைச் சந்தேகிப்பதற்கு முன், ஒருமுறை எழுந்துபோய் அந்தப் பெட்டியைப் பாருங்கள்.