கோஸுக்குக் காவல் நிற்கும் கடுகு!

மாலை நேரத்தில் முட்டைக்கோஸ் வயலுக்குள் நடக்கும்போது, சாம்பல் நிறப் பூச்சிகள் காலடியில் கிளம்பி, நாலடி தள்ளிப் போய் உட்காருகின்றனவா? அப்படியென்றால் அந்த வயலில் முட்டை விழ ஆரம்பித்துவிட்டது. இறக்கையை மடக்கி உட்காரும்போது முதுகில் வைரக்கல் போல மூன்று வெளிர் கட்டங்கள் தெரியும். நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஊட்டி, கோத்தகிரி மலைச்சரிவிலும் ஓசூர், தாளவாடி பகுதியிலும் கோஸ் விவசாயிகளைப் படாதபாடு படுத்தும் வைரமுதுகு அந்துப்பூச்சி இதுதான்.

இலையின் அடிப்பக்கம், நரம்பை ஒட்டி முட்டை இடும். பொரித்து வரும் பச்சைப் புழு பச்சையத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு, மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் போல விட்டுவைக்கும். தொட்டால் துள்ளி, நூல் விட்டுத் தொங்கும். வெளி இலையில் நாலு ஓட்டை விழுந்தால் பெரிய நஷ்டமில்லை. அறுவடையில் அதைக் கழித்துவிடலாம். இளம்பயிரின் குருத்தைத் தின்றுவிட்டால்தான் பிரச்னை. தலை கட்டாது, கட்டினாலும் விலைபோகாத குட்டித் தலைகள் இரண்டு மூன்று வரும்.

உடனே மருந்துக் கடைக்கு ஓடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. டி.டி.டி. மருந்துக்கே 1950-களின் தொடக்கத்தில் ஜாவா தீவில் தாக்குப்பிடித்துக் காட்டிய பூச்சி இது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தப்பிப்பிழைத்த புழுவின் வாரிசுகள்தான் வயலில் மிஞ்சும். புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் டயடெக்மா என்ற சிறு குளவி மலைப்பகுதியில் உண்டு. கடும் மருந்து அதைத்தான் முதலில் காலி செய்யும்.

கோஸைவிடக் கடுகு என்றால் இந்த அந்துப்பூச்சிக்குக் கொள்ளை ஆசை. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இது: 25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு. முதல் வரிசையை நாற்று நடுவதற்கு 15 நாள் முன்பும், அடுத்ததை நட்ட 25-ம் நாளிலும் விதைக்க வேண்டும். கோஸ் நிற்கும் காலம் முழுக்க இளம் கடுகு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த இடைவெளி. அசுவினியும் கடுகுக்கே போகும். ஆனால், விதைத்துவிட்டு மறந்துவிட்டால் கடுகே புழுப்பண்ணை ஆகிவிடும். கடுகில் புழு ஏறியதும் அந்த வரிசைக்கு மட்டும் மருந்து அடிக்க வேண்டும்.

ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் பூச்சி வரும் நேரம் தெரிந்துவிடும். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி மாலையில் தெளிக்கலாம். கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் கரைசல் உருண்டு ஓடிவிடும். 200 கிராம் காதி சோப் கரைத்துச் சேர்ப்பது அவசியம். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். தலை கட்டத் தொடங்கும்போது பி.டி. நுண்ணுயிர் மருந்து லிட்டருக்கு 2 கிராம். அதையும் வாராவாரம் அடித்தால் புழு பழகிவிடும்.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் அந்தி நேரத்தில் திறந்துவிடலாம். பூச்சிகள் இணைசேர்வது தடைபடும், சிறு புழுக்களும் அடித்துச் செல்லப்படும். மழைக்காலத்தில் தாக்குதல் குறைவதும் இதனால்தான்.

அறுத்த கோஸின் அடிக்கட்டை துளிர்விட்டு நின்றால், அடுத்த போகத்துக்கான பூச்சி அதில்தான் வளரும். அறுவடை முடிந்த வாரமே பிடுங்கி மக்க வைத்துவிட்டு, கேரட்டோ பீன்ஸோ போடலாம்.