தமிழ் இதழியல் வரலாறு – 4: சுதேசமித்திரன் வாரப் பத்திரிகையாக இருந்த காலம்

திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடி, கடன் வாங்கிய ஒரு ரூபாய் பன்னிரண்டணாவைக் கொண்டு எண்பது பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி 'ஹிந்து'வை ஆங்கில வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் கண்டோம். அவ்வறுவரில் ஒருவரும் அதன் ஆசிரியருமான ஜி. சுப்பிரமணிய ஐயர், எத்துணை வன்மையுடன் வாதாடினாலும் ஆங்கிலப் பத்திரிகையின் குரல் ராஜாங்க அதிகாரிகளையும் ஆங்கிலம் கற்ற சிலரையும் தாண்டிச் செல்லாத தேசத்தில், நான்கே ஆண்டுகள் கழித்து 1882-ல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தோற்றுவித்தார். சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டுவதற்காக லிட்டன் பிரபு கொணர்ந்த 1878-ஆம் வருஷச் சட்டம் ரிப்பன் பிரபுவின் ஆட்சியில் நீங்கியதும் அவ்வாண்டிலேயே.

வாரம் ஒரு முறை என்பதை வசதிக் குறைவு என்று மட்டும் கொள்வது பிழை. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1927-ல்தான். ஆகவே அந்நாளில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கூமாப்பட்டிக்குச் சென்னையில் அச்சான ஒரு தாள் வர வேண்டுமானால், கடைசிக் காதங்களையேனும் மாட்டுவண்டியையோ மனிதர் கால்களையோ நம்பித்தான் வந்தாக வேண்டும். இவ்விதம் தாமதித்து வரும் தாளில் 'நேற்று நடந்தது' என்பதற்கு மதிப்பில்லை. 'ஏன் நடந்தது, அதனால் நமக்கு வருவது யாது' என்பதே அதை வாங்கியவன் நாடிய பொருள். ஆதலால் வாரப் பத்திரிகாசிரியர் சம்பவத்தை அறிவிப்பதோடு அமையாமல், நிலவரியையும் உப்பு வரியையும் சட்டசபையையும் குடியானவனுக்கு விளங்கும் வண்ணம் விஸ்தரிக்கக் கடமைப்பட்டார். புராண வசனத்திலும் சமய கண்டனத்திலும் பெரிதும் பழகியிருந்த தமிழ் உரைநடை, இந்த நிர்ப்பந்தத்தால் ராஜீய விஷயங்களைப் பேசக் கற்றது.

இதே காலத்தில் வட அட்லாண்டிக் சமுத்திரத்துச் சிறு தீவுகளிலும் ஒத்த வரலாறு நிகழ்ந்தது வியப்பே. பரோயே தீவுகளின் 'திம்மலைட்டிங்' 1878-ல் தோன்றியபோது பெரும்பாலும் ஆட்சி மொழியாகிய டேனிஷிலேயே எழுதப்பட்டது. முழுவதும் சொந்த பாஷையிலேயே ஒரு பத்திரிகை காண அத்தீவினர் 1890 வரை காத்திருந்தனர்.

1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபையில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்த ஐயர், 1889-ல் விதவையான தம் புதல்விக்கு மறுமணம் செய்வித்து, எழுதியதை இல்லத்தில் நடத்திக் காட்டியதற்காகச் சுற்றத்தாரின் பகையையும் ஏற்றார். 1898-ல் 'ஹிந்து'வை விட்டு விலகி முழுச் சிரத்தையும் 'மித்திர'னில் வைத்து, மறு ஆண்டே அதைத் தினசரியாக்கினார். 1904-ல் பாரதியாரை உதவி ஆசிரியராக அழைத்துக்கொண்டார். ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அரசாங்கம் 1908-ல் அவரைக் கைது செய்தது, நோயுற்று அவர் தங்கியிருந்த குற்றாலத்தில்தான்.

ஆங்கிலத்தில் எழுதியபோது அவரை எதிர்வாதியாக மதித்த ராஜாங்கம், தமிழில் எழுதியபோது அபாயமாகக் கருதியதென்றால், பதினேழு ஆண்டுகள் வாரந்தோறும் மெல்ல விதைத்த அறிவு வேரூன்றியதற்கு அதனினும் சிறந்த அத்தாட்சி வேண்டுவதில்லை. 'மித்திர'னில் பயின்ற பாரதியார் 1906-ல் 'இந்தியா'வை மீண்டும் ஒரு வாரப் பத்திரிகையாகவே நடத்த முற்பட்ட வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.