சுண்ணாம்பின் உடன்பிறப்புகள்

வெற்றிலைச் செல்லத்தில் இருக்கும் சுண்ணாம்பை உலோகத்தோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஆயினும் அதனுள் மறைந்திருக்கும் கால்சியம், வெள்ளியைப்போல் மின்னும் ஓர் உலோகமே. காற்றோடும் நீரோடும் எளிதில் கூடிவிடும் இயல்புடையதாதலின் இயற்கையில் அது தனித்துக் கிடைப்பதில்லை. 1808-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி அதைப் பிரித்துக் காட்டினார். மக்னீசியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவற்றையும் அதே ஆண்டில் அவரே பிரித்தெடுத்தார். இவற்றோடு பெரிலியம், ரேடியம் இரண்டையும் கூட்டி, காரமண் உலோகங்கள் என்பர்.

இவை ஒவ்வொன்றின் அணுவிலும் வெளிச்சுற்றில் இரண்டே எலக்ட்ரான்கள் உள்ளன. குணத்தில் இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப்போல் ஒத்திருப்பதற்கு அதுவே காரணம். இவற்றால் விளையும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இவ்வொற்றுமையிலிருந்தே பிறக்கின்றன.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால், கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீரூற்றினால் அது கொதித்துப் பொங்கி நீறும். சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறுகச் சிறுக ஏற்று மீண்டும் கல்லின் தன்மையையே அடைந்துவிடும். (பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை: ஈரச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கவல்லது. சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் கையில் கொடாதீர்கள். தெறித்துவிட்டால் அக்கணமே தூய நீரால் நெடுநேரம் கழுவி, பின் மருத்துவரிடம் விரையுங்கள்.)

இலையின் பச்சையத்தில் இருப்பது மக்னீசியம். மத்தாப்பின் செந்நிறம் ஸ்ட்ரான்சியத்தாலும் பசுமை பேரியத்தாலும் உண்டாகின்றன. பேரியத்தின் கரையும் உப்புகள் நஞ்சு; ஆனால் பேரியம் சல்ஃபேட் நீரில் கரையாததால், குடலை எக்ஸ்-ரே எடுக்குமுன் நோயாளிக்கு அதைத் தயங்காமல் குடிக்கக் கொடுக்கிறார்கள்.

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. ஆனால் ஸ்ட்ரான்சியமோ ரேடியமோ உடலுக்குள் வந்தால், உடன்பிறந்தான் முகச்சாயலைக் கண்டு ஏமாறுவதுபோல், எலும்பு அதையும் கால்சியமென்றே ஏற்றுக்கொள்ளுகிறது!

ரேடியத்தை 1898-இல் கியூரி தம்பதியர் கண்டுபிடித்தனர். சில ஆண்டுகளில், இருளில் ஒளிரும் கடிகார எண்களை எழுத அது பயன்படலாயிற்று. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்ச் நகரில், 1917 முதல் இளம்பெண்கள் இத்தொழிலில் அமர்த்தப்பட்டனர். தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்துக்கொள்ளும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. உட்சென்ற ரேடியம் எலும்பில் குடியேறிற்று; தாடைகள் அழுகின; பலர் இறந்தனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் இழப்பீட்டுடன் முடிந்தது. அவர்கள் துணியாதிருந்தால், பிற்காலத் தொழிலாளர் எத்தனையோ பேர் அவ்வழியே போயிருப்பர்.

பின்னர் வந்தது அணுகுண்டுச் சோதனை. வெடிப்பில் பிறக்கும் கதிரியக்க ஸ்ட்ரான்சியம்-90 காற்றில் பரவி மழையோடு புல்லில் இறங்கியது. புல்லைப் பசு மேய்ந்தது. பசுவின் பாலைக் குழந்தை குடித்தது. அந்த ஸ்ட்ரான்சியம் பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டுகள் ஆகும். குழந்தைகளின் உடலில் அது எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதை அறிய, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தார் 1958-இல் ஓர் எளிய வழி கண்டனர்: விழுந்த பாற்பற்களைச் சேகரிப்பது. பல் உருவாகும் காலத்தில் உடலில் சேர்ந்தது அதிலேயே பதிந்துவிடுமல்லவா? மருத்துவர் லூயிஸ் ரைஸ் இப்பணிக்குத் தலைமை தாங்கினார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு, இயேசு சபையாரின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியும் துணை நின்றது. பல்லைக் கொடுத்த சிறுவருக்கு ஒரு சட்டைவில்லை பரிசு! இவ்வாறு சுமார் மூன்று லட்சம் பற்கள் சேர்ந்தன. சோதனைகள் பெருகப் பெருக, பின்னர்ப் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்சியம்-90 ஏறிக்கொண்டே போனது புலப்பட்டது. 1963 ஆகஸ்டு 5 அன்று அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் ஆகிய மூன்றும், வான்வெளியிலும் நீரடியிலும் அணுகுண்டுச் சோதனை நடத்துவதைத் தடை செய்யும் உடன்படிக்கையில் மாஸ்கோவில் கையொப்பமிட்டன.

எலும்பின் அதே ஏமாற்றத்தை இன்று மருத்துவர்கள் நோயாளிக்கு நன்மையாகத் திருப்பியிருக்கின்றனர். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது, ரேடியம்-223 என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்துகிறார்கள். 2013-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. நோயுற்று விரைந்து புதுப்பிக்கப்படும் எலும்புப் பகுதி அதைக் கால்சியமென்று எண்ணி இழுத்துக்கொள்ளுகிறது. அதன் கதிர்கள் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குத் தொலைவுகூடச் செல்லாமல், அங்கேயே புற்றணுக்களை அழித்து ஓய்கின்றன.