தூய நீரும் தகுந்த நீரும்

மிகத் தூய நீரே மிகச் சிறந்த நீர் என நம்மில் பலர் எண்ணுகிறோம். நான் வாழும் படூருக்குத் தெற்கே, நெம்மேலியில் 2013 முதல் கடல்நீர் குடிநீராக்கப்படுகிறது. உப்பு நீக்கப்பட்ட நீர் மற்றத் தாதுக்களையும் இழந்துவிடுவதால் குழாய்களை அரிக்கும். ஆதலின் அத்தகைய நீரில் சுண்ணாம்புச் சத்தை மீண்டும் சேர்ப்பது இன்றியமையாதது.

பீர் காய்ச்சுவோர்க்கும் இதுவே பாடம். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரக் கிணற்று நீரில் இயல்பாகவே ஜிப்சம் மிகுதி. அவ்வூர்ப் பீரின் கசப்பு துலக்கமாக அமைந்தது அதனால்தான். சட்டம் இடந்தரும் நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர், 20 லிட்டர் தூய நீரில் 4 கிராம் ஜிப்சம் கரைப்பின், லிட்டருக்கு ஏறக்குறைய 47 மில்லிகிராம் கால்சியம் கிட்டும். அது முளைகட்டிய வாற்கோதுமையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் துணைபுரியும். ஈஸ்ட்டைப் படியச் செய்து பானத்தைத் தெளிவிக்கும். அளவு மிஞ்சினாலோ கசப்பு கடுமையாகும். ஆகவே எடை பார்த்தே இடவேண்டும் என்பேன்.