முயல் கூடு உக்கிப் போகாமல்...

முயல் வளர்க்கும் சகோதரிகளே! இன்றைக்கே உங்கள் கூட்டின் அடிப்பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

எங்கள் முற்றத்துக் கூட்டில் ஒரு மூலைப் பலகை கறுத்திருந்தது. வீட்டில் மிஞ்சியிருந்த பெயின்டை அதன்மேல் பூசிவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிட்டேன். அடுத்த மாரியில் ஒருநாள் விடியப் பார்த்தால் பலகை பெயர்ந்து கிடந்தது. இரண்டு குட்டிகளைக் காணவில்லை. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உக்கலை அகற்றாமல் மூடி மறைத்தது என் பிழைதான்.

மரத்தை உக்க வைப்பது பங்கசு. அது வளர ஈரம் வேண்டும். மரத்திலுள்ள ஈரம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அது வளராது. ஈரப் பலகையில் பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உக்கல் இன்னும் கூடும். எனவே, மழைநீரும் முயலின் சிறுநீரும் மரத்தில் தங்காமல் செய்வதே முதல் வேலை.

கூரையைப் பின்பக்கம் சரிவாக அமைத்து, சுற்றிவர அரை அடி வெளியே நீட்டி விடுங்கள். கூட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கால்கள் மண்ணில் படாமல் செங்கல்லின் மேல் நிற்கட்டும். எறும்புக்காகத் தண்ணீர்ப் பேணி வைப்பவர்கள், பேணிக்குள் உயரமான கல்லொன்றை வைத்து அதன்மேல் காலை நிறுத்துங்கள். அடித்தளத்துக்கு அரை அங்குலக் கண் வலை நல்லது. ஆனால் வெறும் வலையில் நின்றால் முயலின் பாதம் புண்படும். படுத்திருக்க ஒரு பலகையும் போடுங்கள். அப்படி இரண்டு பலகை இருந்தால், ஒன்று உள்ளே கிடக்க மற்றதைக் கழுவி வெயிலில் காயவைக்கலாம்.

ஏற்கெனவே உக்கியிருந்தால், முதலில் முயல்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள். கூட்டை நன்றாகக் காயவிட்டு, கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை இலேசாக இறங்கும் இடமெல்லாம் உக்கல். அதோடு நிறுத்தாமல், நல்ல மரத்திலும் இரண்டு மூன்று அங்குலம் சேர்த்து வெட்டி அகற்றுங்கள். புதிய துண்டுக்குப் பலா அல்லது தேக்கின் வைரப் பகுதி நெடுநாள் உழைக்கும். பெட்டிப் பலகையும் இறப்பர் மரமும் விரைவில் உக்கிவிடும். பலகையின் வெட்டு முனைதான் அதிகம் நீர் குடிக்கும். ஆகவே வெளிப்புறத்துக்கும், முயலின் வாய் எட்டாத முனைகளுக்கும் தண்ணீரில் கரையும் பெயின்ட் இரண்டு தடவை பூசுங்கள். மணம் முற்றாகப் போன பிறகே முயலை விடுங்கள்.

கழிவு ஒயிலும் தாரும் கூட்டுக்கு வேண்டவே வேண்டாம். முயலின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வதால் அது மரத்தைக் கொறித்துக்கொண்டே இருக்கும். நாம் பூசுவது அதன் வயிற்றுக்குத்தான் போகும். உட்புறத்தை வெறும் மரமாகவே விடுங்கள்.

கிழக்கில் உள்ளவர்கள் ஒக்டோபருக்கு முன்பும், தெற்கிலும் மேற்கிலும் உள்ளவர்கள் மே மாதத்துக்கு முன்பும் இவற்றைச் செய்து முடியுங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், மூலைகளைக் குத்திப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். அடைத்து வைத்த சீவன் தானாக வேறிடம் தேடிப் போக முடியாது. அதன் கூட்டை நாம்தான் பார்க்க வேண்டும்.