சிங்கம் அசையவில்லை, பூநாரை பறந்துவிட்டது!

கென்யாவின் மாசாய் மாராவுக்கோ தான்சானியாவின் செரங்கெட்டிக்கோ சென்று வந்தவர்கள் காட்டும் புகைப்படங்களில் ஒன்று தவறாமல் இருக்கும். பயணிகள் வண்டிக்குச் சில அடி தொலைவில் சிங்கம் படுத்திருக்கும். வண்டியைத் திரும்பியும் பாராது. சில வேளைகளில் வண்டியின் நிழலிலேயே வந்து படுத்துக்கொள்வதும் உண்டு.

அந்தப் படத்தைப் பார்த்த மாணவர் ஒருவர், தை மாதத்தில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பேருந்தில் ஏறி, பெருமுக்கல் மலையைத் தாண்டிக் கிழக்கே சென்று, உப்பளங்களுக்கு அருகே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆழமற்ற நீரில் பூநாரைக் கூட்டம் ஒன்று அலகைத் தலைகீழாக அமிழ்த்தி இரை தேடுகிறது. மாணவர் வரப்பில் இறங்கி நடக்கிறார். பாதி வழி போகுமுன் கழுத்துகள் நிமிர்கின்றன. கூட்டம் மெல்ல விலகி நடக்கிறது. பிறகு நீரின்மேல் சில அடி ஓடி, எழும்பிப் பறந்துவிடுகிறது. இத்தனைக்கும் சற்று முன் சாலையில் லாரி ஒலியெழுப்பிச் சென்றபோது அவை தலை நிமிரவில்லை!

கொல்லும் ஆற்றலுள்ள விலங்கு நம்மைக் கிட்ட விடுகிறது. வெறுங்கையோடு வந்த மாணவரைக் கண்டு பறவை ஓடுகிறது. ஏன்?

இக்கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, சுவிட்சர்லாந்து விலங்கியலார் ஹைனி ஹெடிகர். பெர்ன், பாசல், சூரிக் விலங்குக் காட்சிசாலைகளின் இயக்குநராக இருந்தவர். ஒவ்வொரு விலங்கையும் சுற்றிக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு வட்டம் உண்டு. பகையாகத் தோன்றும் ஒன்று அதற்குள் புகுந்ததும் விலங்கு விலகி ஓடும் என்று 1930-களிலேயே அவர் விளக்கினார். இதனை 'விலகல் தொலைவு' எனலாம். ஓட வழியின்றி அதற்கும் உள்ளே ஒருவர் நெருங்கிவிட்டால் விலங்கு எதிர்த்துப் பாயும். சர்க்கஸில் சிங்கத்தைப் பழக்குபவர் ஓரடி முன்வைத்து அதைச் சீற வைப்பதும், ஓரடி பின்வைத்து அடக்குவதும் இந்த எல்லையை அறிந்து செய்யும் வித்தையே. மந்திரம் எதுவும் இல்லை.

இவ்வட்டம் எல்லா வேளையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பொதுவாகப் பெரிய பறவைகள் சிறியவற்றைவிட முன்னதாகவே பறந்துவிடும். வேட்டைக்கு ஆளான இனங்களுக்கு வட்டம் பெரிது. எதிரில் வருவது யார், எப்படி வருகிறது என்பதும் கணக்கில் சேரும். செரங்கெட்டிச் சிங்கத்திற்கு வண்டி என்பது துரத்தாத, இரையும் ஆகாத ஒரு பெரிய பொருள். அதிலிருந்து ஒருவர் இறங்கி நின்றால் மனித உருவம் தனியே தெரியும். நிலைமை அக்கணமே மாறும். பூங்காக்களில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது வீண் கெடுபிடி அல்ல.

மனிதருக்குள்ளேயே வேறுபாடு காணும் விலங்குகளும் உண்டு. கென்யாவின் அம்போசெலியில் மாசாய் இளைஞர்கள் சில வேளைகளில் யானைமீது ஈட்டி எறிவர். கம்பா இனத்து உழவர்களால் யானைக்கு அத்தகைய ஆபத்து குறைவு. 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், மாசாய் ஆடவர் உடுத்திய துணியின் வாடைக்கு யானைகள் வெகுதூரம் ஓடின. கம்பா ஆடவரின் துணிக்கு அவ்வளவு அஞ்சவில்லை. 2014-இல் குரல்களை ஒலிபரப்பிச் சோதித்தபோதும் இந்த வேறுபாடே தெரிந்தது.

மரக்காணத்துக்கு வருவோம். உப்பு வாரும் தொழிலாளி நாள்தோறும் அதே வரப்பில், தம் வேலையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார். பறவையை நோக்கி நடப்பதில்லை. இத்தகைய அசைவுக்குப் பறவைகள் பழகிவிடுகின்றன. மாணவரோ நேராக அவற்றை நோக்கி நடந்தார், நின்றார், உற்றுப் பார்த்தார், மீண்டும் நடந்தார். பறவையின் கணக்கில் இது வேட்டையாடுபவனின் நடை.

பறந்தால் என்ன, மீண்டும் வந்து இறங்காதா என்று கேட்கலாம். இறங்கும்; ஆனால் நட்டம் இரண்டு. பறக்கச் செலவாகும் ஆற்றல் ஒன்று, இரை தேடும் நேரம் போவது மற்றொன்று. சேற்றுநீரை நாக்கால் உள்ளிழுத்து வடிகட்டி நுண்ணுயிர்களைத் தின்னும் பூநாரைக்கு வயிறு நிரம்பப் பல மணி நேரம் வேண்டும். அதன் காலடியில் ஓடித் திரியும் கொசு உள்ளானின் நிலை இன்னும் நெருக்கடியானது. ஏறக்குறைய 25 கிராம் எடையுள்ள அப்பறவை ஆர்க்டிக் வட்டாரத்தில் குஞ்சு பொரிப்பது. அதே இனம் குளிர்காலத்தில் ஆப்பிரிக்க ஏரிகளுக்கும் போகிறது, நம் கரைக்கும் வருகிறது. கோடையில் வடக்கே திரும்புமுன் அது உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும்.

பறக்காத பறவைக்குத் தொல்லையில்லை என்றும் எண்ணிவிட முடியாது. ஸ்காட்லாந்தில் கல்திருப்பி உள்ளான்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. முடிவு 2004-இல் வெளியாயிற்று. கூடுதல் இரை கொடுக்கப்பட்ட பறவைகளே ஆளைக் கண்டதும் முன்னதாகப் பறந்தன. இரை போதாதவை கடைசி வரை நின்றன. அவற்றுக்கு அச்சம் குறைவு என்பதல்ல. பறந்து ஆற்றலைச் செலவிடும் வசதி அவற்றுக்கு இல்லை! நம்மை மிக அருகே விடும் பறவை பசியில் வாடும் பறவையாகவும் இருக்கலாம்.

உப்பளங்களை அடுத்த கழுவெளி 2021-இல் பறவைகள் காப்பகமாயிற்று. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. பெயர் பரவப் பரவப் பார்வையாளரும் பெருகுவர். போகிறவர்கள் இருநோக்கியை எடுத்துச் செல்லுங்கள். பறவையை நோக்கி நேரே நடக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நடந்து, ஓரிடத்தில் அமர்ந்துவிடுங்கள். கழுத்துகளைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு நிமிர்ந்தால் அப்படியே நில்லுங்கள். பல நிமிர்ந்தால் நாலைந்து அடி பின்வாங்குங்கள். அலகுகள் மறுபடி நீருக்குள் போனால், வட்டத்துக்கு வெளியே வந்துவிட்டீர்கள்.