கைகளைக் காப்போம்: கரப்பானும் ஒவ்வாமையும்

நெசவாளருக்கும் உழவருக்கும் கையே முதல். அக்கையில் அரிப்பும் வெடிப்பும் கண்டால் வேலை நிற்கிறது, கூலி குறைகிறது. சங்கங்களின் சாயப்பட்டறைகளைப் பார்வையிடச் செல்லுங்கால் இவ்வாறு துன்புறும் உறுப்பினர்களை நாம் காண்கிறோம். உடன் உழைப்போர் ஒதுக்கிவிடுவரோ என்றஞ்சி நோயை மறைப்போரும் உளர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. சிரங்கும் படர்தாமரையும் ஒருவரிடமிருந்து மற்றவரைப் பற்றும். தொழிலால் வரும் கரப்பான் அவ்வாறு பற்றாது. அது தொட்ட பொருளால் வருவது. அப்பொருளை விலக்கினால் பெரும்பாலும் தணிவது.

இருவகைக் கரப்பான்

முதல் வகை எரிச்சலால் வருவது. காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ், பிளீச்சிங் பவுடர் முதலியன தோலின் இயல்பான எண்ணெய்ப்பசையை அகற்றி, அதனை உலர்த்தி வெடிக்கச் செய்கின்றன. போதிய அளவும் நேரமும் பட்டால் எவருக்கும் இது வரும்.

இரண்டாம் வகை ஒவ்வாமை. இது சிலருக்கே வரும். பல ஆண்டுகள் தீங்கின்றிக் கையாண்ட சாயம் திடீரென ஒவ்வாமற் போகலாம். அதன்பின் சிறிது பட்டாலும் ஓரிரு நாட்களில் தடிப்பும் கொப்புளமும் தோன்றும். பட்டவுடன் தோன்றாமையால் பழி உணவின்மீது விழுகிறது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் விலக்கியவர் சாயத்தொட்டியை விலக்குவதில்லை!

உழவர் கவனத்திற்கு

1955-ஆம் ஆண்டளவில் புனேயில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியச் செடி இவ்வொவ்வாமைக்குப் பெருங்காரணமாகும். அதன் துகள் காற்றிலும் வருவதால் முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களிலும் தடிப்பு உண்டாகும். அச்செடியைப் பூக்குமுன், கையுறை அணிந்து, வேரோடு களைக. ஒவ்வாமை உடையவர் இவ்வேலையைப் பிறரிடம் விடுதல் நன்று.

காக்கும் வழிகள்

1. சாயமிடும்போது முழங்கை வரை நீண்ட ரப்பர் கையுறை அணிக. உள்ளே பருத்தி உறை இருத்தல் நலம். கிழிந்த கையுறை சாயநீரை உள்ளே தேக்கி மிகுந்த தீங்கு செய்யும்.

2. தண்ணீரில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாக இடுக. சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றற்க. தோலில் தெறித்தால் உடனே ஓடும் நீரில் கால்மணி நேரமேனும் கழுவுக.

3. சாயக்கறையைப் போக்க மண்ணெண்ணெயோ பிளீச்சிங் பவுடரோ தேய்க்கற்க. மென்மையான சோப்பு போதும். ஈரம் ஒற்றியவுடன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவுக.

4. எந்நாளில் எதனைத் தொட்டோம், எப்போது அரிப்பு கண்டது என்று குறித்து வருக. விடுமுறையில் தணிந்து, வேலைக்குத் திரும்பியதும் மிகுமாயின் காரணம் பட்டறையிலேயே இருக்கலாம்.

மருந்தும் மருத்துவரும்

காரணம் விளங்காவிடில் பெரிய மருத்துவமனைகளின் தோல்நோய்ப் பிரிவை நாடுக. ஐயத்திற்குரிய பொருள்களை முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்த்து, பின்னரும் ஒருமுறை பார்க்கும் சோதனை உண்டு. கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில் அது நன்மருந்து. தாமே நெடுநாள் தடவினால் தோல் மெலியும். படர்தாமரையில் தடவினாலோ அரிப்பு அடங்கியதுபோல் தோன்றி, நோய் மறைவாகப் பரவும். சீழ், காய்ச்சல், முகவீக்கம் ஆகியன கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்க.

சங்கத்தின் கடமை

கையுறை, சோப்பு, குழாய்நீர் ஆகியவற்றிற்கு ஆகும் செலவு, தேர்ந்த சாயத்தொழிலாளி ஒருவரை இழப்பதைவிடச் சிறிதே. துணைவிதிகள் இடந்தரும் அளவில் நிர்வாகக் குழுக்கள் இதற்குத் தீர்மானம் நிறைவேற்றலாம். ஒவ்வாமை கண்டவருக்குச் சாயவேலைக்கு மாறாகப் பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல் போன்ற வேலைகளைத் தரலாம். அங்கும் சாயநூல் ஒவ்வாதாயின் சாயமிடாத நூலில் வேலை தருக. நோயை மறைக்கும் உறுப்பினர் அதனை அச்சமின்றிச் சொல்லத் துணிவதற்கு இதுவே வழி. ஒருவர் துன்பத்தை அனைவரும் தாங்குதல் கூட்டுறவின் அடிப்படையன்றோ!